நாலாவதாக நின்ற நெவில்

நெவில் என்ற பெயரை அன்னப்பூரணி முதன்முதலாகக் கேட்டது ஒரு செத்த வீட்டில். தொண்ணூற்றோராம் ஆண்டு. அவளுடைய தாயின் அக்காளைக் கட்டிய பெரியப்பா மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார். ஆறடிக்கு மேல் உயரமான மனுசன். பிரேதத்தைக் குருக்கள்மடத்துக்குக் கொண்டு வர ஒரு வாகனமும் கிடைக்கவில்லை. கல்லடிப் பாலம் தாண்டி வாகனம் விட அப்போது ஒரு சாரதியும் சம்மதிக்க மாட்டான். உயிரோடு இருக்கிறவனை ஏற்றி வந்தாலே ஆயிரம் கேள்வி. செத்தவனை ஏற்றி வந்தால் எப்படிச் செத்தான், ஆர் சாகடித்தது என்று இன்னும் ஆயிரம். காலை முழுக்க அழுது களைத்த பெண்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பவும் அழத் தொடங்குகிற நேரம் பார்த்து, வாசல் கடப்படியில் நின்ற யாரோ கத்தினார்கள்: "நெவில் கொண்டு வாறான்! பறங்கி நெவில் கொண்டு வாறான்!"

வெள்ளை வான் ஒன்று வந்து நின்றது. பின்கதவு மூடியிருக்கவில்லை. மூட முடியாது. பெரியப்பாவின் கால்கள் இரண்டும் முழங்காலுக்குக் கீழே வெளியில் நீட்டிக்கொண்டிருந்தன. பெருவிரல்களைச் சேர்த்து ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது.

பெரியம்மா அழுகையை நிறுத்தினாள். "இதென்ன மனே சிவப்புத் துணி?"

சாரதி இறங்கித் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "நீளச் சாமான் வெளியில நீட்டிக்கொண்டு போனா சிவப்புத் துணி கட்டோணும் ஆச்சி. சட்டம். எல்லா ஆமிச் சென்றியும் தாண்டி வந்திரிக்கன், ஒருத்தனும் ஒண்டும் கேக்கல்ல. மரம் எண்டு நினைச்சிட்டானுகள்."

அன்னப்பூரணி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் கிறுகி நின்றாள். பெரியம்மாவுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. "உசிரோட இருக்கக்குள்ளயும் அந்த மனுசன் மரம்தான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சிரித்ததற்கும் சேர்த்து ஒரு பாட்டம் அழுதாள்.

ஆருடைய மகன், ஆரைக் கட்டியிருக்கிறான் என்று விசாரிக்காமல் ஒருவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கிற வழக்கம் குருக்கள்மடத்தில் இல்லை. பிரேதம் சுடலைக்குப் போய்ச் சேருமுன் நெவிலின் வம்சம் முழுக்க ஊருக்குத் தெரிந்துவிட்டது. தகப்பன் ஹோரேஸ் நகரத்தில் பூட்டுத் திருத்திப் பிழைத்தவர். கலியாண வீடுகளில் வயலின் வாசிப்பார். அவர் வாசித்தால் ஆட வந்தவர்கள் சாப்பிடப் போய்விடுவார்களாம். தாய் எத்தல். எத்தலும் நெவிலின் மனைவி ஐறிஸின் தாயும் ஒன்றுவிட்ட சகோதரிகள். அதனால் நெவில் கட்டியது சொந்தத்துக்குள்தான். நகரத்துப் பறங்கிகளில் பாதிப் பேர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டபடியால், சொந்தத்துக்கு வெளியே பெண் தேடுவதென்றால் கப்பலேறித்தான் தேட வேண்டும். முன்னோர் போர்த்துக்கீசரா ஒல்லாந்தரா என்று கேட்டால், கேட்கிற ஆளின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுவான். ஆமிக்காரன் கேட்டால் இரண்டுமில்லை, அம்மாவாணை இந்த ஊர்தான்.

அதற்குப் பிறகு அந்த ஊருக்கு வாகனம் என்றால் நெவில்தான். பிள்ளைத்தாச்சியை ஏற்றினான். கோவிலுக்கு நேர்ந்த ஆட்டை ஏற்றினான். இரண்டையும் ஒரே பயணத்தில் ஏற்றியதும் உண்டு. ஒரு தரம் கல்லடிப் பாலத்தடியில் சோதனை முடியுமுன் வானுக்குள்ளேயே குழந்தை பிறந்துவிட்டது. நன்றிக்கடனாக நெவில் என்றே பெயர் வைப்பதாக இருந்தார்கள். பெண் பிள்ளை என்றபடியால் தப்பியது.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்றது. நின்றது என்று அன்னப்பூரணி நம்பவில்லை. அவள் கண்ணுக்கு அது களைத்துப்போன மாடு வரம்பில் நிற்கிற நிற்புத்தான். அந்த மாடு திரும்ப நடக்கத் தொடங்குமுன் மகள் கண்ணகையைப் பிளேனில் ஏற்றிவிட வேண்டும் என்பது ஒன்றே அவளுடைய எண்ணம். கண்ணகைக்கு வயது இருபத்துநாலு. அந்த இருபத்துநாலில் எத்தனை ராத்திரியைப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் கழித்தாள் என்று அன்னப்பூரணிக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் கலியாணத் தரகர் கதிர்காமத்தம்பி ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். மாப்பிள்ளை வினாயகமூர்த்தி, சுவிஸில் பத்து வருஷம். தாய் தகப்பன் இல்லை. கல்லடியில் இருக்கிற பெரியம்மா தங்கப்பிள்ளை வளர்த்த பிள்ளை. தங்கப்பிள்ளை அன்னப்பூரணிக்குத் தாய்மாமன் வழியில் தூரத்து மச்சாள். தாய்வழிக் குடி வேறு, முறை சரி, சாதகமும் பொருந்திவிட்டது. கோட் போட்ட மாப்பிள்ளையின் படம் ஒன்றையும் தரகர் கொடுத்தார். அன்னப்பூரணி அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். கண்ணூறு படும் என்று ஒரு சனத்துக்கும் மூச்சு விடவில்லை.

தங்கப்பிள்ளை பெண்ணின் படம் கேட்டிருந்தாள். "ஸ்டூடியோவில எடுத்த படம் வேணாமாம்" என்றார் தரகர். "அங்க எடுத்தா எல்லாப் பொம்பிளையும் ஒரே நிறம். வெளியில, வெயிலுக்க நிண்டு எடுத்ததா அனுப்பட்டாம்."

அன்னப்பூரணியின் புருசன் அருமைநாயகம் டோகாவில் குளிர்மெசின் திருத்துகிற வேலையிலிருந்து அப்போதுதான் லீவில் வந்திருந்தார். கூடவே ஒரு கமெராவும் வந்திருந்தது. வாங்கிய பிறகு அதை எடுத்துக் காட்ட ஒரு சந்தர்ப்பமும் கிடைக்காத மனுசன். "அப்ப நுவரெலியாவுக்குப் போவம்" என்றார். "பிள்ளையும் ஊர் பார்த்த மாதிரி. மலையும் மேகமும் பின்னால வந்தா சுவிஸ்காரனுக்கும் தன்ட வீடு மாதிரி இருக்கும்."

வானுக்கு நெவில். அருமைநாயகத்தின் அக்கா ஆச்சிப்பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் ஊர் கதைக்கும் என்று அவளையும் ஏற்றினார்கள். ஆச்சிப்பிள்ளையும் அன்னப்பூரணியும் நேரே கதைத்துப் பல வருஷம். தம்பி டோகாவில் காய்ந்து உழைத்து, கூடப் பிறந்தவளை மறந்துவிட்டுப் பெண்டாட்டியின் வளவில் மகளுக்கென்று வீடு கட்டிவிட்டான் என்பது ஆச்சிப்பிள்ளையின் கோபம். மகளுக்கு வீடு கட்டாமல் மச்சாளுக்கா கட்டுவது என்பது அன்னப்பூரணியின் நியாயம். ஒருத்தி முன்சீட்டுக்குப் பின்னால் ஏறினாள், மற்றவள் கடைசிச் சீட்டில் ஏறினாள்.

பயணம் தொடங்கிக் கல்லடிப் பாலத்தடிக்கு வந்ததுமே அருமைநாயகம் இறங்கி, அன்னப்பூரணியைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்திக் கமெராவைத் தூக்கிவிட்டார். சண்டை நின்றால் என்ன, பாலத்தைப் படம் எடுக்கக் கூடாது என்ற சட்டம் நிற்கவில்லை. ஆமிக்காரன் ஒருவன் துவக்கோடு ஓடி வந்தான். நெவில் பதறாமல் இறங்கிப் போய்ச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். ஆமிக்காரன் அன்னப்பூரணியை மேலும் கீழும் பார்த்து, சிரித்துக்கொண்டே கையைக் காட்டி அனுப்பிவிட்டான்.

"என்ன சொன்னீங்க தம்பி?" என்று வானுக்குள் கேட்டாள்.

"நல்ல சனம் எண்டு சொன்னன் அக்கா."

கண்ணகைக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். அவள் யன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கினாள். பாதி வழி தாண்டிய பிறகுதான் தாயிடம் சொன்னாள். "ஐயா பாலத்தை எடுக்கல்ல சேர், பொண்டாட்டியைத்தான் எடுக்கிறார், ஆள் அகலமா இருக்கிறதால பாலம் மாதிரித் தெரியுது" என்பதுதான் நெவில் சொன்னது. கண்டி வந்து சேரும் வரைக்கும் அன்னப்பூரணி அவனுக்கு முறுக்குக் கொடுக்கவில்லை.

பேராதனைத் தோட்டத்தில் பெரிய மரமொன்றின் கீழ் அருமைநாயகம் மூன்று பெண்களையும் நிற்கச் சொன்னார். கமெராவை வேறு ஒரு கைக்கும் கொடுக்க மாட்டார். ஆகவே படத்துக்குள் நிற்க மூன்று பேர்தான். ஆச்சிப்பிள்ளை ஒரே முடிவாக விலகி நின்றாள்.

"மூணு பேரா நிண்டு படம் எடுக்கக் கூடா. நடுவில நிக்கிற ஆள் போயிரும்."

"ஆரு மாமி போன?" என்று கண்ணகை கேட்டாள்.

"நம்மட சீனித்தம்பி அப்பு. தம்பிமாரோட மூணு பேரா நிண்டு எடுத்தார். அவர்தான் நடுவில. போயிட்டார்."

"அவர் எண்பது வயசில தானே மாமி போனவர்?"

"படம் எடுக்காட்டி நூறு வரைக்கும் இருந்திரிப்பார்."

வேறு எதிலும் மச்சாளோடு ஒத்துப்போகாத அன்னப்பூரணி இதில் மட்டும் ஒத்துப்போனாள். சுவிஸுக்குப் போகிற படத்தில் வில்லங்கம் ஒன்றும் வேண்டாம். நாலாவதாக ஒரு ஆள் வேண்டும். வானில் சாய்ந்து தலை சீவிக்கொண்டிருந்த நெவில் சீப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான்.

"எங்க நிக்கட்டும்? நடுவிலயா? பறங்கிக்கு இந்தச் சட்டம் இல்ல அக்கா. சாவு வந்தாலும் ஐறிஸ் விட மாட்டா, தன்ட கையாலதான் சாகோணும் எண்டு சொல்லியிரிக்கா."

மச்சாள்மார் இருவரும் ஒருத்தி பக்கத்தில் ஒருத்தி நிற்க மாட்டார்கள். ஒருத்தி இந்த ஓரத்திலும் மற்றவள் அந்த ஓரத்திலும் போய் நின்றார்கள். நடுவில் கண்ணகையும் நெவிலும். பேராதனையில் மட்டுமில்லை, றம்பொடை நீர்வீழ்ச்சியில், தேயிலைத் தோட்டத்தில், நுவரெலியா ஏரிக்கரையில், குதிரைக்குப் பக்கத்தில், எல்லா இடத்திலும் இதே ஒழுங்கு. சும்மா நில் என்றால் நெவிலுக்கு நிற்கத் தெரியாது. ஒரு இடத்தில் இடுப்பில் கை வைப்பான். ஒரு இடத்தில் கறுப்புக் கண்ணாடி போடுவான். நீர்வீழ்ச்சியை ஏதோ தான்தான் திறந்துவிட்டவன் போல விரலால் காட்டுவான். "எனக்கும் ஒரு கொப்பி தரோணும் சேர்" என்று ஒவ்வொரு படத்துக்கும் சொல்லி வைப்பான்.

அருமைநாயகம் எதையும் கிட்டப் போய்ப் பார்க்கிற பழக்கமுள்ளவர். மெசினுக்குள் தலையை விட்டு வேலை செய்து வந்த பழக்கம். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிச் சொல்லி ஓரடி ஓரடியாக முன்னுக்கு வந்துகொண்டேயிருப்பார். கடைசியில் கிளிக் என்கிற நேரம் அவருடைய மூச்சு அவர்கள் முகத்தில் படும்.

ஊருக்குத் திரும்பி, நகரத்தில் படம் கழுவி எடுத்து வந்தார்கள். வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். பேராதனையில் அன்னப்பூரணியின் வலது தோளும் கைப்பையும் மட்டும் வந்திருந்தன. நீர்வீழ்ச்சியில் ஆச்சிப்பிள்ளையின் ஒரு முழங்கை. ஏரிக்கரையில் அதுவுமில்லை. குதிரைக்கும் தலையில்லை.

"என்ட காஞ்சிபுரம் எங்க?" என்றாள் அன்னப்பூரணி. "மூணு நாளா அந்தக் குளிருக்க அதை உடுத்திக்கொண்டு நிண்டன்."

"அவன் கழுவக்குள்ள வெட்டிப்போட்டான்" என்றார் அருமைநாயகம்.

"ஓம், என்னை வெட்டினதும் அவன்தான்" என்றாள் ஆச்சிப்பிள்ளை. "மச்சாள், நீங்களே கேளுங்க இவன்ட கதைய."

பல வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேரே கதைத்தது அன்றுதான். இருவரும் சேர்ந்து அந்த மனுசனைத் திட்டித் தீர்த்ததில், படத்துக்குள் என்ன இல்லை என்று பார்த்தார்களே தவிர என்ன இருக்கிறது என்று ஒருத்தியும் பார்க்கவில்லை. நெவில் அவர்கள் கண்ணுக்கு மனுசனாகவே தெரியவில்லை. அவன் ஆள் கணக்குக்கு நின்றவன். வாழைக்குலைக்கு முட்டுக்கொடுத்த தடியை ஆர் பார்ப்பது? கண்ணகையின் முகம் எல்லாப் படத்திலும் நன்றாக விழுந்திருந்தது. "நான் நல்லதா எடுத்துத் தாறன்" என்று அவளே ஐந்து படம் தெரிந்தெடுத்துக் கொடுத்தாள். தரகர் அவற்றைக் கல்லடிக்குக் கொண்டு போனார். தங்கப்பிள்ளை பார்த்த பிறகு அவை சுவிஸுக்குப் போகும் என்பது ஏற்பாடு.

ஒரு மாதம் கழித்துக் கதிர்காமத்தம்பி சைக்கிளில் வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். தேத்தண்ணி வேண்டாம் என்று கதிர்காமத்தம்பி சொன்னதை அந்த ஊரில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"தங்கச்சி, மாப்பிள்ளைப் பகுதி ஒண்டு கேக்குது" என்றார். "பிள்ளைக்கு முந்தியே கலியாணம் நடந்திட்டுதா எண்டு."

"என்ன கதை இது?"

"தேன்நிலவுப் படம் அனுப்பியிரிக்கிறீங்களாம். ஆரு அந்த வெள்ளைக்காரன் எண்டு தங்கப்பிள்ளை கேக்கிறா."

"எந்த வெள்ளைக்காரன்?"

தரகர் ஐந்து படத்தையும் மேசையில் பரப்பினார். அன்னப்பூரணி பார்த்தாள். அப்போதுதான் பார்த்தாள். ஏரிக்கரையில், மேகத்துக்கும் பூவுக்கும் நடுவில், தன் மகளும் கறுப்புக் கண்ணாடி போட்ட நெவிலும் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். குதிரைப் படத்தில் அவன் கண்ணகையின் பக்கம் தலையைச் சாய்த்து வேறு நின்றான்.

"ஐயோ, இது நம்மட வான்காரன்" என்றாள். "அங்கால நான் நிக்கிறன். இஞ்ச பாருங்க, இது என்ட கைப்பை."

"கைப்பை தெரியுது தங்கச்சி. கைப்பையைப் பார்த்து ஆரு நம்புற?"

தரகரின் சைக்கிளுக்கு முன்னால் கதை நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குருக்கள்மடத்துப் பிள்ளை ஒன்று பறங்கியோடு நுவரெலியாவில் இருந்ததாம் என்று ஒருத்தி சந்தையில் சொன்னாள். மாதா கோவிலில் கலியாணப் பதிவும் நடந்ததாம் என்று மற்றவள் சேர்த்தாள். அன்னப்பூரணி படுத்த படுக்கையானாள். சுவிஸ் போனால் போகட்டும், இனி உள்ளூரிலும் ஒருவன் திரும்பிப் பார்ப்பானா? அருமைநாயகம் கமெராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள் ஐறிஸ். மெலிந்து உயர்ந்த மனுசி. பூப்போட்ட சட்டை, கையில் ஒரு பெரிய பிஸ்கட் டின். அவளுக்குப் பின்னால், வான் இருந்தும் பஸ்ஸில் இழுத்து வரப்பட்ட நெவில், மழையில் நனைந்த கோழி மாதிரி வந்தான்.

அன்னப்பூரணி படுக்கையிலிருந்து எழும்பினாள். "ஐறிஸ் அக்கா, சத்தியமா என்ட பிள்ளை..."

"இரி கா. நான் சண்டைக்கு வரல்ல" என்றாள் ஐறிஸ். "இவனை ஒருத்தி களவெடுத்தாள் எண்டு கேள்விப்பட்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினன். மறுகாதான் யோசிச்சன், இருபது வருஷமா நடக்காதது இப்ப எப்பிடி நடக்கும் எண்டு."

டின்னைத் திறந்து கட்டிலில் கொட்டினாள். எல்லாம் படங்கள். எல்லாப் படத்திலும் மூன்று பேர், நாலாவதாக நெவில். மாப்பிள்ளை, பெண், மாமியாரோடு நெவில். கதிர்காமத்தில் மொட்டை போட்ட மூன்று சகோதரங்களோடு மயிர் வைத்த நெவில். கடைசியில் ஒன்று, மடுமாதா கோவிலடியில் மூன்று கன்னியாஸ்திரிகளும் நெவிலும்.

"இவன் நிண்டதெல்லாம் கலியாணம் எண்டா, இந்த மூணு சிஸ்டர்மாரையும் முதல்ல பதியோணும்" என்றாள் ஐறிஸ்.

அன்னப்பூரணிக்கு உயிர் திரும்பி வந்தது. "தங்கப்பிள்ளை மச்சாளிட்ட இதைக் காட்டினாப் போதும். அவவும் மூணு பேர் நிண்டு எடுக்காத ஆள்தான். வாங்க, இப்பவே போவம்."

நெவில் ஓடிப் போய் பஸ் பிடித்து வானைக் கொண்டு வந்தான். அன்னப்பூரணி, ஆச்சிப்பிள்ளை, ஐறிஸ் மூவரும் கல்லடிக்குப் போனார்கள். "நீ வெளியில நில்லு. வாயைத் திறந்தியோ, பிள்ளையிட வாழ்க்கை போயிரும்" என்று புருசனைக் கடப்படியில் நிறுத்திவிட்டுத்தான் ஐறிஸ் உள்ளே வந்தாள்.

தங்கப்பிள்ளை முதலில் கதிரைகூடக் காட்டவில்லை. ஐறிஸ் படங்களைப் பரப்பிக் கதையைச் சொல்லச் சொல்ல முகம் இளகியது. தேத்தண்ணி வந்தது. தங்கப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாக எடுத்தாள். மொட்டைத் தலைகளைப் பார்த்துப் புன்னகைத்தாள். கன்னியாஸ்திரிகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப இந்த மனுசனுக்கு இதுதான் தொழிலா? அன்னப்பூரணி, நான் வினாயகமூர்த்திக்குக் கோல் எடுத்துச் சொல்றன். நீ ஒண்டுக்கும் யோசியாத" என்று சொல்லிக்கொண்டே அடுத்த படத்தை எடுத்தாள்.

சிரிப்பு நின்றது. அந்தப் படத்தை மட்டும் அவள் மற்றவற்றோடு சேர்க்கவில்லை. பேச்சைக் கோவில் திருவிழாப் பக்கம் திருப்பியபடியே மெல்லத் தொடைக்குக் கீழே தள்ளி, அதன்மேல் நன்றாக அசைந்து உட்கார்ந்தாள்.

ஐறிஸ் அதைக் காணவில்லை. அன்னப்பூரணி கண்டாள்.

என்ன படம் என்று அவளுக்குத் தெரியாது. நல்ல படமில்லை என்று மட்டும் தெரிந்தது. சும்மா இருந்தால் இப்போதே சம்பந்தம் சரி. அடுத்த தையில் கலியாணம், அதற்கு அடுத்த மாதம் பிளேன். துவக்குச் சத்தமில்லாத ஊரில் பிள்ளை படுத்து நித்திரை கொள்ளும். ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மச்சாள், கொஞ்சம் எழும்புங்க."

"ஏன் கா?"

"ஒரு படத்துக்கு மேல இருக்கிறீங்க."

"படமும் இல்ல, ஒண்டும் இல்ல. எனக்கு முழங்கால் வருத்தம், எழும்ப ஏலா."

பக்கத்தில் இருந்த ஆச்சிப்பிள்ளை மச்சாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தங்கப்பிள்ளையின் இருப்பைப் பார்த்தாள். தன் கையிலிருந்த சுடுதேத்தண்ணியை அப்படியே தங்கப்பிள்ளையின் மடியில் சரித்தாள். முழங்கால் வருத்தக்காரி முற்றத்துக்குப் பாய்ந்துவிட்டாள்.

ஐறிஸ் படத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். நுவரெலியா ஏரிக்கரைதான். கோட் போட்ட ஒரு தமிழ் ஆள். சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிற அதே முகம், அதே கோட். அவனுடைய கழுத்தில் ஒரு சுருட்டைமயிர்ப் பெண்குழந்தை. பக்கத்தில் அவனுடைய இடுப்பைக் கட்டிப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரி. ஓரத்தில் கையைத் தூக்கியபடி நெவில்.

"நெவில்!" என்று ஐறிஸ் கூப்பிட்ட கூப்பாட்டில் கடற்கரையில் வலை இழுத்தவர்களும் திரும்பினார்கள். "இவன் ஆருடா?"

நெவில் வந்து பார்த்தான். "ஆ, இது விக்கி. போன வருஷம். ஆக்களை எயார்போட்டில இறக்கிப்போட்டுச் சும்மா வந்தன், இவங்க கை காட்டி ஏறினாங்க. மட்டக்களப்புக்கு மட்டும் போக வேணாம், மற்ற எல்லா இடமும் காட்டு எண்டார். நல்ல மனுசன்."

"அது அவனோட வேலை செய்யிற பொம்பிளை" என்றாள் முற்றத்தில் சேலையை உதறிக்கொண்டிருந்த தங்கப்பிள்ளை. "சும்மா ஊர் பார்க்க வந்தது."

"அப்பிடியா?" என்றான் நெவில். "அப்ப அந்தப் பிள்ளை இவரைப் பப்பா, பப்பா எண்டு கூப்பிட்டது மரியாதைக்கா?"

தங்கப்பிள்ளை சேலை உதறுவதை நிறுத்தினாள். நெவிலுக்கு அது விளங்கவில்லை. மேலும் சொன்னான். "வெள்ளைக்காரிக்கு இந்த மூணு பேர்க் கதை ஒண்டும் தெரியா. ஹோட்டல் பொடியன் படம் எடுக்க வந்தான். இவர்தான் பயந்துபோய், பெரியம்மா சொல்லியிரிக்கா, மூணு பேர் கூடா, நீங்களும் வாங்க எண்டு என்னை இழுத்தார்."

அன்னப்பூரணி தங்கப்பிள்ளையைப் பார்த்தாள். "நல்லாத்தான் வளர்த்திரிக்கிறீங்க மச்சாள்."

"அந்தப் பொம்பிளையை விட்டுட்டன் எண்டுதான் சொன்னான்" என்று தங்கப்பிள்ளை மெல்லச் சொன்னாள். "நம்மட பிள்ளை ஒண்டைக் கட்டினா எல்லாம் சரியாகும் எண்டு நினைச்சன்."

"பிள்ளையையும் விட்டுட்டாரா?"

தங்கப்பிள்ளை நனைந்த சேலையை மாற்ற உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வருகிறபோது வானுக்குள் அன்னப்பூரணி அழுதாள். மாப்பிள்ளைக்காக அழவில்லை. பிளேனுக்காக அழுதாள். ஆச்சிப்பிள்ளை பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெவில் வழி முழுக்க ஒரு பகிடியும் விடவில்லை. குருக்கள்மடத்தில் இறங்கும்போது, "அக்கா, நான் வாயைத் திறந்திருக்கக் கூடா என்ன?" என்று கேட்டான். "திறந்ததுக்குத்தான் உங்களுக்கு இண்டைக்குச் சோறு" என்று சொல்லி உள்ளே கூட்டிப் போய்ச் சோறும் மீன் ஆணமும் போட்டாள்.

வீட்டில் கண்ணகை கதையை முழுக்கக் கேட்டாள். கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"ஏன்டி, அந்த அஞ்சு படத்தையும் நீதானே தெரிஞ்சு குடுத்த? நெவில் நிக்கிறது உனக்குத் தெரியல்லயா?" என்று தாய் கேட்டாள்.

"என்ட முகம் நல்லா விழுந்திருந்துதம்மா, அதான் குடுத்தன்" என்று சொல்லிவிட்டு அவள் கோழிக்குத் தீன் போடப் போனாள்.

அருமைநாயகம் லீவு முடிந்து டோகாவுக்குப் போனார். நகரத்துப் பெண்கள் சந்தையில் சொன்ன கதையை ஐறிஸ் ஒரு கிழமையாகச் சந்தைக்குப் போய் நின்று, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, தன் கைச்செலவில் திருத்தினாள். அடுத்த வருஷம் கண்ணகை உன்னிச்சையில் வேளாண்மை செய்கிற நல்லரத்தினத்தைக் கட்டினாள். அவனை அவள் எப்போதிருந்து அறிவாள் என்று ஆச்சிப்பிள்ளை குடைந்து குடைந்து விசாரித்தும் பதில் வரவில்லை. வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தான். விதைப்பும் வெட்டும் வந்தால் இருவரும் உன்னிச்சை வயல் வட்டையிலேயே தங்குவார்கள்.

அன்னப்பூரணி பயந்தது பயந்தபடியே நடந்தது. இரண்டாயிரத்து ஏழில் அந்தப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நடந்தது. எந்த வாகனமும் மேற்கே போகாத அந்த நாளில் நெவிலின் வான் போனது. கண்ணகையையும் கைக்குழந்தையையும் நல்லரத்தினத்தையும் ஏற்றி, இன்னும் எத்தனையோ முகம் தெரியாத சனத்தையும் கூரை வரைக்கும் அடைத்துக்கொண்டு வந்தது. நெவில் எப்படிப் போனான், ஆரிடம் என்ன சொல்லித் திரும்பினான் என்று அன்னப்பூரணி கேட்டாள். "நல்ல சனம் எண்டு சொன்னன் அக்கா" என்றான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பேரப்பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

சண்டை முடிந்த பிறகு நெவில் வானை விற்றான். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் அவுஸ்திரேலியாவில். தாய் தகப்பனைக் கூப்பிட்டார்கள். ஐறிஸ் போய் மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டு, அங்கே சண்டை பிடிக்க ஆளில்லை என்று வந்துவிட்டாள்.

நெவில் இப்போது புளியந்தீவில், தகப்பன் ஹோரேஸ் விட்டுப்போன வீட்டில், ஐறிஸோடு இருக்கிறான். ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வருவான். மற்ற நாட்களில் வீட்டில்தான்.